வோல்வே கிணறுகளில் ஒரு பழைய கடற்கரை

எண்ணெய்க் கிணற்றில் கருவிகளை இறக்கிப் பாறையை அளந்து வரைந்த பதிவு அது. அதன் நான்கு கோடுகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. காமா கதிர் (பாறை தானாகவே வெளியிடும் கதிர்வீச்சு) சட்டென்று இடப்பக்கம் விழுந்திருந்தது, அதாவது களி இல்லை. மின்தடை வலப்பக்கம் ஓடியிருந்தது, அதாவது உப்பு நீர் இல்லை. அடர்த்தி நன்றாகக் குறைந்திருந்தது, அதாவது பாறையில் நிறையத் துளை. ஒலி அலை மெதுவாகப் போயிருந்தது, அதுவும் துளைக்குச் சாட்சி. தடிமன் இரண்டு மீட்டருக்குள்தான். ஆனாலும் அந்தக் கிணற்றிலேயே சிறந்த எண்ணெய் மணல் இதுதான் என்று பச்சை நிறம் பூசி, அச்செடுத்து, அலுவலகத்தில் எனக்கு மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் அடர்த்திக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இது என்ன எண்?" என்றார். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அளவில் இருந்தது. "மணலோட அடர்த்தி எப்பவாவது இவ்வளவு கீழ வருமா? கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். குவார்ட்ஸ் மணியின் அடர்த்தி 2.65, துளையில் இருக்கும் திரவத்துக்கு 1 என்று வைத்தால், 1.5 வருவதற்கு அந்தப் பாறையில் 70 விழுக்காடு துளையாக இருக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அப்படி ஒரு மணற்கல் நிற்காது. மேலே இருக்கும் பாறையின் எடை அதை நசுக்கியிருக்கும். நான் பச்சை பூசியது நிலக்கரி.

கிணற்றுப் பதிவை நான் படிக்கும் விதம் அன்றிலிருந்து மாறிவிட்டது. அந்தப் பாறை எந்த நிலத்தில், எந்த நீரில் படிந்தது என்று கேட்காமல் கணக்கில் இறங்கினால், கணக்கு சரியாகவே வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும். பெரும்பாலான பயிற்சிகளில் படிவுச் சூழலைக் கடைசி அத்தியாயமாக வைக்கிறார்கள். அது முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வட கடலில் உள்ள வோல்வே வயலை வைத்து அதைக் காட்டப் பார்க்கிறேன்.

ஏன் வோல்வே

கடலடி எண்ணெய் வயல்களின் பதிவுகள் சாதாரணமாக வெளியாருக்குக் கிடைக்காது. வோல்வே விதிவிலக்கு. நார்வே நாட்டின் ஈக்வினார் நிறுவனம் (2018 மே வரை அதன் பெயர் ஸ்டாட்ஆயில்) இந்த வயலின் நிலத்தடித் தரவையும் உற்பத்தித் தரவையும் 2018 ஜூனில் பொதுவில் வைத்தது. ஏறக்குறைய 40,000 கோப்புகள். கிணற்றுப் பதிவு, நில அதிர்வு, கோர் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் தண்டு) அளவீடு, தேக்க (எண்ணெய் தங்கிய பாறை) மாதிரி, நாள்வாரி உற்பத்தி எல்லாம் அதில் உண்டு. ஒரு வயலின் பிறப்பு முதல் மூடல் வரை முழுக்கதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சென்னையில் புவியியற்பியல் படிக்கும் மாணவருக்கும் நார்வேயின் ஸ்டாவாங்கரில் வேலை பார்க்கும் பொறியாளருக்கும் இந்தக் கோப்புகள் ஒன்றுதான். இந்தத் துறையில் இது எவ்வளவு பெரிய கொடை என்பது, ஒரே ஒரு கிணற்றின் பதிவுக்காக மாதக்கணக்கில் அனுமதிக் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

வயல் சிறியது. ஸ்லைப்னர் கிழக்கு வயலுக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 15/9 பிளாக்கில், 80 மீட்டர் ஆழக் கடலில் இருந்தது. 1993இல் 15/9-19 எஸ்ஆர் என்ற கிணறு எண்ணெயைக் கண்டது. 2005இல் மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 2008 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கி, 2016 செப்டம்பரில் நின்றது. மேர்ஸ்க் இன்ஸ்பைரர் என்ற, கால் ஊன்றி நிற்கும் ரிக்கிலிருந்துதான் துளையிடலும் உற்பத்தியும் நடந்தன. எண்ணெயை நேவியன் சாகா என்ற கப்பலில் சேமித்தார்கள். எரிவாயு ஸ்லைப்னர் ஏ மேடைக்குப் போனது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பகுதியில் வயல்களுக்கும் பாறை அடுக்குகளுக்கும் நார்டிக் தொன்மப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஸ்லைப்னர், ஓடின் என்ற கடவுளின் எட்டுக்கால் குதிரை. ஹூகின் அவருடைய அண்டங்காக்கை. டிராப்னே அவருடைய மோதிரம். வோல்வே என்றால் குறி சொல்பவள். மண்ணுக்கடியில் இருப்பதைக் கோடுகளை வைத்துச் சொல்லும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கோப்பைத் திறந்ததும்

பதிவுகள் பெரும்பாலும் எல்ஏஎஸ் என்ற எழுத்துக் கோப்பாகவோ டிஎல்ஐஎஸ் என்ற இருமக் கோப்பாகவோ இருக்கும். எல்ஏஎஸ் கோப்பைச் சாதாரண நோட்பேடிலேயே திறக்கலாம். முதலில் கிணற்றின் விவரம், அப்புறம் கோடுகளின் பெயர்கள், அதன் கீழே நெடுகிலும் எண்கள். அந்த எண்களுக்கு நடுவே -999.25 என்று வரிசை வரிசையாக வரும். அது அளவு அல்ல. கருவி அங்கே எதையும் பதியவில்லை என்பதற்கான குறி. அதை நீக்காமல் சராசரி எடுத்தவர்களின் நுண்துளைமை (பாறையில் துளையின் பங்கு) எதிர்மறை எண்ணாக வருவதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது துளை விட்டம். காலிப்பர் கோடு, ட்ரில் பிட்டின் அளவோடு ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். சுவர் இடிந்து அகன்ற இடத்தில் அடர்த்திக் கருவியின் பட்டை பாறையோடு ஒட்டாது. பாறைக்குப் பதிலாக, மட் எனப்படும் துளையிடல் சேற்றைத்தான் அது அளக்கும், அடர்த்தி பொய்யாகக் குறையும். நிலக்கரியும் களிப்பாறையும் அடிக்கடி இடிபவை. அதனால் அந்த 1.5இல் எவ்வளவு கரி, எவ்வளவு மட் என்பதையும் காலிப்பரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோர் ஆழமும் பதிவின் ஆழமும் பொருந்துகிறதா என்பது மூன்றாவது. கோரின் ஆழம் ட்ரில் குழாய்களை எண்ணிக் கிடைப்பது. பதிவின் ஆழம் கேபிளின் நீளத்திலிருந்து வருவது. இரண்டுக்கும் இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம். கோரின் மேலேயே ஆய்வகத்தில் காமா கதிரை அளந்து, அந்தக் கோட்டைக் கிணற்றுக் கோட்டின் மேல் நகர்த்தி, மேடும் பள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் வரை தள்ளுவோம். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாவிட்டால், மணலின் துளையைக் களியின் காமாவோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

கீழிருந்து மேலே ஒரு கடல்

வோல்வேயின் எண்ணெய் ஹூகின் மணற்கல்லில் இருந்தது. நடு ஜுராசிக் காலத்தைச் சேர்ந்தது, சுமார் 16 முதல் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. இன்று 2,700 மீட்டரிலிருந்து 3,100 மீட்டர் வரை ஆழத்தில் கிடக்கிறது. அது படிந்த காலத்தில் இப்போதைய வட கடலின் நடுப்பகுதி மேடாக உப்பி எழுந்து, பிறகு மெல்ல அமுங்கத் தொடங்கியிருந்தது. நிலம் அமுங்கியதும் வடக்கே இருந்த கடல், வைக்கிங் பிளவுப் பள்ளத்தின் வழியாகத் தெற்கு நோக்கி ஏறி வந்தது. கரை ஒவ்வொரு கட்டமாகத் தெற்கே பின்வாங்கியது. அதனால் ஹூகின் மணல் எல்லா இடத்திலும் ஒரே வயதுடையதல்ல, தெற்கே போகப் போக இளையது.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பதிவைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பாறை படிந்த வரிசை அதுதான்.

அடியில் ஸ்லைப்னர் உருவாக்கம் (அந்த வயலின் பெயரையே கொண்ட பாறை அடுக்கு) வரும் இடங்களில் கோடுகள் அமைதியாக இருக்காது. களி, மெல்லிய மணல், கரி, மறுபடி களி என்று காமா கதிர் பல்லிளிக்கும். இது கடற்கரைச் சமவெளி, சதுப்பும் ஆற்றுக் கால்வாய்களும் நிறைந்த கழிமுகப் பரப்பு. இங்கே கரி கிடைப்பது விபத்து அல்ல. செடி அழுகாமல் மூழ்கிக் கிடக்கும் அளவுக்கு நிலத்தடி நீர் உயர்ந்திருந்தது என்பதற்கான சான்று அது. நான் பச்சை பூசிய இரண்டு மீட்டர் அப்படி ஒரு சதுப்பு நிலம்.

கரியை எப்படி அடையாளம் காண்பது? மணலைப் போலவே காமா குறைவு, எண்ணெய் மணலைப் போலவே மின்தடை அதிகம். ஆனால் அடர்த்தி 2க்குக் கீழே போய்விடும். நியூட்ரான் கருவி ஹைட்ரஜனை எண்ணுவது. கரியில் ஹைட்ரஜன் நிறைய இருப்பதால் 50 விழுக்காட்டைத் தாண்டிய துளையைக் காட்டும். ஒலி ஓர் அடியைக் கடக்க 120 மைக்ரோ விநாடிக்கு மேல் எடுக்கும். திடமான குவார்ட்ஸில் அது 55 மைக்ரோ விநாடி அளவில்தான் இருக்கும். இந்த மூன்றும் ஒரே ஆழத்தில் ஒரே அடியாகத் துள்ளினால் அது கரி.

காமா குறைந்த இன்னொரு போலியும் இருக்கிறது. கடல் மணலில் சிப்பிகள் கரைந்து, அந்தக் கால்சைட் துளைகளுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அங்கேயும் காமா குறைவு, மின்தடை அதிகம். அடர்த்தி மட்டும் 2.6ஐத் தாண்டி எதிர்த்திசையில் போகும், ஒலி வேகமாகும். அரை மீட்டர், ஒரு மீட்டர் தடிமனில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். துளை இல்லாததால்தான் அங்கே மின்தடை உயர்கிறது. எண்ணெய்க்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆக, காமாவையும் மின்தடையையும் மட்டும் பார்த்தால் கரி, எண்ணெய் மணல், இறுகிய மணல் மூன்றும் ஒரே முகம். அடர்த்தியும் நியூட்ரானும் வந்த பிறகுதான் மூன்றும் பிரிகின்றன. ஒன்று சதுப்பு, ஒன்று கரையோர மணல், ஒன்று சிப்பி குவிந்த அடுக்கு.

ஸ்லைப்னருக்கு மேலே ஹூகின் தொடங்கும்போது கோட்டின் குணமே மாறுகிறது. மணல் தடிக்கிறது. காமா கதிர் கீழே வலப்பக்கம் இருந்து, மேலே போகப் போக இடப்பக்கம் ஒதுங்கும் வடிவம் அடிக்கடி தெரியும். நிமிர்த்தி வைத்த புனல் மாதிரி. ஆழமான அமைதியான நீரில் முதலில் சேறு, அப்புறம் மெல்லிய மணல், கடைசியில் அலை நன்றாக அலசிய பருமணல் என்று கரை கடலை நோக்கி முன்னேறியதன் தடம் இது. ஆற்று முகத்தில் மணல் திட்டு வளர்ந்தாலும் இதே வடிவம் வரும். சில இடங்களில் இதற்கு நேர்மாறு: அடியில் திடீரென்று சுத்த மணல், மேலே போகப் போகக் களி கூடும். இது மணி வடிவம். கால்வாய் ஒன்று கீழே அறுத்து இறங்கி, பிறகு மெல்ல நிரம்பித் தூர்ந்திருக்கிறது. மேலும் கீழும் வெட்டியது போல், நடுவில் நேர்கோடாக ஓடும் உருளை வடிவமும் உண்டு.

இந்த மூன்று வடிவங்களைப் பாடநூல் படமாக மனப்பாடம் செய்துவிட்டு, புனலைப் பார்த்ததும் கரை, மணியைப் பார்த்ததும் ஆறு என்று எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணி வடிவத்தை ஆறும் தரும், கடல் ஏறி இறங்கும் ஓதக் கால்வாயும் தரும். எண்ணெய்க்காரருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஓதக் கால்வாயில் நீர் ஒரு நாளில் பல தடவை நின்று திரும்பும். நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மணல் மேல் மெல்லிய சேற்றுப் படலம் ஒன்று படியும். ஒவ்வொரு படலமும் தாள் கனம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் அடுக்கினால் எண்ணெய் மேலும் கீழும் நகர்வதைத் தடுத்துவிடும். காமா கருவியின் பார்வை ஓர் அடி அளவுக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது. படலமும் மணலும் சேர்ந்து, சற்றே களி கலந்த மணல் என்று ஒரே மங்கலான கோடாக வரும். கோரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கறுப்பு வரிகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். கடல் நண்டு, இறால் வகைகள் தோண்டிய வளைகளும் கோரில்தான் தெரியும். அந்த வளைகள் இருந்தால் அது ஆறு அல்ல, உப்பு நீர் வந்து போன இடம்.

ஹூகின் விஷயத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. இந்த உருவாக்கத்தில் அலை அடித்த கரையோர மணல், ஆற்று முகத் திட்டு, ஓதக் கால்வாய், காயல் படிவு எல்லாமே கலந்து கிடக்கின்றன. கடல் ஏறும்போது பழைய ஆற்றுப் பள்ளங்கள் மூழ்கிக் கழிமுகங்களாவது இயல்பு. போதாக்குறைக்கு அடியில் பெர்மியன் காலத்து உப்புப் படுகை வேறு. உப்பு, பாரம் ஏறினால் பாகு மாதிரி நகரும். அது விலகிய இடத்தில் நிலம் அமுங்கி மணல் தடித்தது, உப்பு மேடாக எழுந்த இடத்தில் மெலிந்தது. வோல்வேயின் அந்தச் சிறிய குவிமாட வடிவமே, பக்கத்தில் இருந்த உப்பு முகடுகள் ஜுராசிக் காலத்தில் சரிந்ததால் உருவானதுதான்.

ஹூகினுக்கு மேலே காமா ஒரே பாய்ச்சலாக வலப்பக்கம் தாவி அங்கேயே நிற்கும். ஹெதர் களிப்பாறை. கரை தெற்கே போய்விட்டது, இந்த இடம் இப்போது திறந்த கடலின் அடி. அதற்கும் மேலே டிராப்னே. அங்கே காமா சாதாரணக் களியின் அளவையும் தாண்டி எகிறும். ஆக்ஸிஜன் இல்லாத கடலடிச் சேற்றில் கரிமப் பொருள் அழுகாமல் தங்க, அதோடு யுரேனியமும் பிடித்துக்கொண்டதால் வரும் கதிர் இது. எண்ணெய் பிறந்த பாறையும் இந்த டிராப்னேதான். மேலே இருக்கும் இளைய சேறு கீழே இருக்கும் பழைய மணலுக்கு எப்படி எண்ணெய் தந்தது என்று கேட்கலாம். பிளவுப் பள்ளத்தின் நடுவில் அதே டிராப்னே இன்னும் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போயிருக்கிறது. அங்கே வெந்து, எண்ணெயாகி, மேல்நோக்கி ஊர்ந்து, பக்கவாட்டில் மேடாக இருந்த ஹூகின் மணலுக்குள் ஏறியது.

சாய்ந்த கிணற்றின் கண்ணாடி

வோல்வேயின் உற்பத்திக் கிணறுகள் ஒரே மேடையிலிருந்து நாலாபக்கமும் சாய்த்துத் துளைத்தவை. இதைக் கவனிக்காமல் கோட்டின் வடிவத்தைப் படித்தால் ஏமாந்துபோவோம். கிணறு 60 பாகை சாய்ந்திருந்தால், பதிவில் 100 மீட்டராகத் தெரிவது செங்குத்தில் 50 மீட்டர்தான். புனல் இழுபட்டு உருளை மாதிரி தெரியும்.

அதைவிடச் சிக்கலான ஒன்று, கிணறு ஏறக்குறைய கிடையாகப் போகும் இடம். மேலிருந்து களி வழியாக மணலுக்குள் நுழைந்து, சற்றுத் தூரம் போய், மெல்ல மேல்நோக்கி வளைந்தால், வந்த வழியே மறுபடி களிக்குள் போய்விடும். பதிவில் களி, மணல், களி என்று ஒரு முழுச் சுழற்சி தெரியும். நடுவில் கண்ணாடி வைத்தது போல் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பிம்பமாக இருக்கும். கடல் இறங்கி மறுபடி ஏறியது என்று அழகாக ஒரு கதை எழுதிவிடலாம். உண்மையில் அங்கே கடல் எதுவும் செய்யவில்லை, ட்ரில் பிட்தான் திரும்பியது. நான் இப்போதெல்லாம் சூழலைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் கிணற்றின் சாய்வு அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு பாதியும் சின்னச் சின்ன மேடு பள்ளம் வரை ஒத்துப்போனால் அது ஒரே அடுக்குதான். இயற்கை ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அப்படியே போடாது. மின்தடைக் கோட்டில் அடுக்கு எல்லையை ஒட்டிக் கொம்பு மாதிரி ஒரு கூர்மையான எழுச்சி தெரிந்தாலும், கிணறு அந்த எல்லையை மிகச் சாய்வாகக் கடக்கிறது என்று பொருள். அந்தக் கொம்பையும் எண்ணெய் என்று நினைத்துவிடக் கூடாது.

எண்ணெய் எவ்வளவு

சரி, கரியையும் இறுகிய அடுக்கையும் ஒதுக்கியாயிற்று, மணல் எது என்று தெரிந்துவிட்டது. இப்போது கணக்கு.

துளையை அடர்த்தியிலிருந்து எடுக்கலாம். பதிவில் 2.27 இருக்கிறது என்று வைப்போம். திரவத்தின் அடர்த்திக்கு 1 போட்டால் துளை 23 விழுக்காடு, எண்ணெய் இருப்பதால் 0.9 போட்டால் 21.7. கருவி பார்ப்பது கிணற்றுச் சுவரை ஒட்டிய சில அங்குலம்தான். அங்கே மட்டின் வடிநீரும் எண்ணெயும் கலந்திருக்கும். அதனால் எந்த எண்ணும் கோரில் அளந்த துளையோடு ஒத்துப் பார்க்காமல் முடிவாகாது. 22 என்று எடுத்துக்கொண்டு மேலே போவோம்.

அந்தத் துளையில் எத்தனை பங்கு நீர் என்பதற்கு, ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்த கஸ் ஆர்ச்சி 1942இல் வெளியிட்ட சமன்பாடுதான் இன்றும் அடிப்படை. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. பாறையின் மின்தடையை, அதில் முழுக்க நீர் மட்டும் இருந்தால் வரக்கூடிய மின்தடையோடு ஒப்பிட்டால் நீரின் பங்கு வந்துவிடும். அதற்கு நீரின் மின்தடை வேண்டும். துளைகள் எவ்வளவு சுற்றி வளைத்துப் போகின்றன என்பதற்கு ஓர் அடுக்கெண், நீர் எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கு இன்னோர் அடுக்கெண். பாடநூல் இரண்டுக்கும் 2 என்று போடும். வோல்வேயின் கோர் ஆய்வில் முதலாவது சுமார் 1.8, இரண்டாவது 2.45 என்று எடுத்திருக்கிறார்கள். நீரின் மின்தடை 20 பாகை செல்சியஸில் 0.07 ஓம்-மீட்டர்.

இங்கேதான் நான் இன்னொரு தடவை சறுக்கினேன். 0.07ஐ அப்படியே போட்டு, மின்தடை 20 ஓம்-மீட்டர் உள்ள மணலுக்குக் கணக்கிட்டேன். நீர் 30 விழுக்காடு வந்தது. பார்க்க நம்பும்படியான எண், அதனால் சந்தேகமும் வரவில்லை. ஆனால் தேக்கத்தில் வெப்பம் 20 பாகை அல்ல, 110 பாகைக்குப் பக்கம். சூடான உப்பு நீர் நன்றாகவே கடத்தும். அந்த வெப்பத்துக்குத் திருத்தினால் 0.07 என்பது 0.022ஆகக் குறைகிறது. அதைப் போட்டுக் கணக்கிட்டால் நீர் 19 விழுக்காடு. எண்ணெய் 70இலிருந்து 81க்கு ஏறுகிறது. ஒரு வரி திருத்தத்தை மறந்ததால், வயலின் எண்ணெயில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்ட நான் காகிதத்தில் தொலைத்திருந்தேன்.

அடுக்கெண்களைப் பாடநூல்படி 2, 2 என்று போட்டாலோ நீர் 15 விழுக்காடாகக் குறைந்து, இல்லாத எண்ணெய் சேர்ந்துவிடும். இதே பாறையில் நீர் மட்டும் இருந்தால் மின்தடை 0.34 ஓம்-மீட்டர் அளவில் விழ வேண்டும். எண்ணெய்–நீர் எல்லையைக் கடந்து கீழே இறங்கிய ஏதாவது ஒரு கிணற்றில் சுத்த மணலைப் பிடித்து, அங்கே அந்த எண் வருகிறதா என்று பார்ப்பதுதான் நான் நம்பும் சோதனை. வந்தால் நீரின் மின்தடையும் முதல் அடுக்கெண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் எண்ணெய்ப் பகுதிக்கே போகக் கூடாது.

களி கலந்த மணலில் ஆர்ச்சியின் சமன்பாடு தடுமாறும். களியும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதை நீர் என்று எண்ணிவிடும். மறுபடி சூழல் இங்கே வந்து நிற்கிறது: களி தனி அடுக்காக இருக்கிறதா, மணிகளுக்கு இடையே பரவியிருக்கிறதா? ஓதக் கால்வாயின் சேற்றுப் படலம் என்றால் மணல் சுத்தமாகவே இருக்கும், இடையிடையே படலம் மட்டும்தான். காயல் ஓரத்தில் பூச்சி புழுக்கள் கலக்கிய மணல் என்றால் களி துளைக்குள்ளேயே புகுந்திருக்கும். இரண்டுக்கும் காமா ஒரே அளவைக் காட்டலாம். முதலாவதில் எண்ணெய் பக்கவாட்டில் தாராளமாக ஓடும். இரண்டாவதில் எங்கும் ஓடாது. திருத்தச் சமன்பாடும் வேறு வேறு.

வட கடலிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு பொறியும் உண்டு. பிரென்ட் என்ற பாறை அடுக்குத் தொகுதியின் ரானோக் மணலில் அபிரகம் (மைக்கா) அதிகம். அபிரகத்தில் பொட்டாசியம் இருப்பதால் நல்ல மணலே களி மாதிரி காமாவைக் காட்டும். அங்கே காமாவை நம்பியவர் எண்ணெயைக் களி என்று தள்ளிவிடுவார். அந்த மாதிரி இடத்தில் நியூட்ரானையும் அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்துத்தான் களியின் அளவை எடுக்க வேண்டும்.

பதிவு சொல்லாதது

கிணற்றுப் பதிவு பார்ப்பது கிணற்றைச் சுற்றி ஓரிரு மீட்டரை மட்டும். இரண்டு கிணற்றுக்கு நடுவே அதே மணல் தொடர்கிறதா என்பதை அது சொல்லாது. படிவுச் சூழலை வைத்து ஊகிக்கலாம்: அலை அலசிய கரை மணல் என்றால் கரையை ஒட்டிக் கிலோமீட்டர் கணக்கில் நீளும், கால்வாய் மணல் என்றால் சில நூறு மீட்டரில் முடிந்துவிடலாம். நான் சூழலுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் இதுதான். கிணறுகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? நில அதிர்வுப் படத்தில் ஒரு மாதிரி அடுக்கின் உருவம் தெரியும், ஆனால் பத்து மீட்டர் மணலுக்குள் நடப்பது அதில் தெரியாது.

பிளவுகள் விஷயத்தில் அந்த ஊகமும் உதவாது. வோல்வேயின் மேற்குப் பகுதி கடுமையாகப் பிளவுபட்டது. ஒரு பிளவின் இரு பக்கமும் பதிவில் அச்சு அசலாக ஒரே ஹூகின் மணல் இருக்கலாம். ஆனாலும் நடுவில் எண்ணெய் கடக்காமல் போகலாம். பிளவின் இந்தப் பக்கம் எண்ணெய் எடுத்ததும் அந்தப் பக்கம் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரியும். அதற்குப் புதுக் கிணற்றில் அழுத்தத்தை நேரடியாக அளக்க வேண்டும். எண்ணெய்ப் பகுதியில் ஆழத்தோடு அழுத்தம் கூடும் வேகம் குறைவு, நீர்ப் பகுதியில் அதிகம். இரண்டு சரிவுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து எண்ணெய்–நீர் எல்லையும் கிடைத்துவிடும். மின்தடை சொல்லும் எல்லையும் இதுவும் ஒத்துப்போனால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

முதலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் என்று திட்டமிட்ட வயல் எட்டு ஆண்டுக்கும் மேல் ஓடியது. உச்சத்தில் நாளொன்றுக்கு 56,000 பீப்பாய். மொத்தம் 6.3 கோடி பீப்பாய், இருந்த எண்ணெயில் 54 விழுக்காடு வெளியே வந்தது. அப்படியென்றால் தொடக்கத்தில் அந்த மணலில் ஏறக்குறைய 11.7 கோடி பீப்பாய் இருந்திருக்க வேண்டும். உற்பத்தியின் பெரும் பங்கு எஃப்-12, எஃப்-14 என்ற இரண்டு கிணறுகளிலிருந்து வந்தது. எஃப்-4, எஃப்-5 இரண்டும் நீரை உள்ளே செலுத்தின. பிற்காலத்தில் எஃப்-11, எஃப்-1 சி, எஃப்-15 டி ஆகியவை சேர்ந்தன. பதிவுகளைப் படித்து முடித்தவர்கள் அடுத்து நாள்வாரி உற்பத்தி அட்டவணையைத் திறந்து, எந்தக் கிணற்றில் எந்த மாதம் நீர் ஏறத் தொடங்கியது என்று தாங்கள் வரைந்த மணல் அடுக்கோடு வைத்துப் பாருங்கள். எஃப்-12இலிருந்து தொடங்குவது நல்லது, அந்தக் கிணற்றின் அட்டவணைதான் மிக நீளமானவற்றில் ஒன்று.